வெறும் பரலும் அரிக்கும் தூளும்

மொழியியல் கற்பவர்கள் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்னும் அமெரிக்கரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நாம் பேசும் மொழி நாம் சிந்திக்கும் விதத்தையும் வழிப்படுத்துகிறது என்று எழுதியவர் அவர். ஆனால் அவருக்குச் சம்பளம் தந்தது மொழியியல் அன்று. ஹார்ட்ஃபோர்ட் தீக் காப்புறுதிக் கம்பனியில் தீத்தடுப்பு சம்பந்தமான வேலையில் இருந்தார். தொழிற்சாலைகளில் தீ எவ்வாறு பிடித்தது என்று சொல்லும் அறிக்கைகளை வாசித்து ஆராய்வதே அவருடைய அன்றாடப் பணி.

மின்கம்பி பழுதா, காற்றோட்டம் போதாதா என்று காரணம் தேடிய அவர், சில தீவிபத்துகளுக்கு ஒரு சொல்லே காரணமாக இருப்பதைக் கண்டார். பெற்றோல் நிரம்பிய பரல்கள் அடுக்கிய இடத்தில் தொழிலாளர் மிகவும் கவனமாக நடந்துகொள்வார்கள். எவரும் சிகரெட் பற்றவைப்பதில்லை. ‘வெறும் பரல்’ என்று பெயரிட்ட இடத்திலோ புகைப்பார்கள், எரிந்த துண்டை அங்கேயே எறிவார்கள். உண்மையில் வெறும் பரல்தான் கூடுதல் ஆபத்தானது. அதற்குள் பெற்றோல் ஆவி காற்றோடு கலந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும் நிலையில் நிற்கிறது. ‘வெறும்’ என்ற சொல் கேட்பவரின் மனத்தில் ‘ஒன்றுமில்லை’ என்ற படத்தை வரைந்துவிடுகிறது. தமிழிலும் இது அப்படியேதான். “அது வெறும் பரல்தானே” என்று நாமும் சொல்வோம்.

கவிதையும் சிறுகதையும் வரும் இந்தச் சஞ்சிகையில் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைக்கு என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். வோர்ஃப் காட்டியதுதான் எனது பதில். எச்சரிக்கை என்பது முதலில் ஒரு மொழிக் காரியம். அதில் ஒரு சொல் தவறினால் இழப்பது புள்ளிகளை அல்ல, விரலை, கண்ணை, சிலவேளை உயிரை. நம்மில் பலர் நாளை ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவோ, ஆய்வுகூடத்தில் உதவியாளராகவோ, வைத்தியசாலையில் தாதியாகவோ வேலை செய்யப் போகிறோம். அங்கே எச்சரிக்கப்படுபவர்களாகவும் இருப்போம், எச்சரிக்க வேண்டியவர்களாகவும் இருப்போம்.

ஒவ்வொரு வேலைத்தளத்திலும் ஆபத்தை அறிந்தவர் ஒருவர், அதைக் கையால் தொடுபவர் இன்னொருவர். ஒரு மூடை இரசாயனத்தில் என்ன இருக்கிறது என்பது அதைத் தயாரித்த கம்பனியின் இரசாயனவியலாளருக்குத் தெரியும். அதை அள்ளி வாளியில் போடுபவருக்குத் தெரியாது. இந்த இருவருக்கும் இடையில் கடல் இருக்கும், மூன்று வியாபாரிகள் இருப்பார்கள், இரண்டு மொழிகள் இருக்கும். அறிந்தவரிடமிருந்து தொடுபவரிடம் அந்த அறிவு முழுதாக வந்து சேர வேண்டும். ஆபத்தைத் தெரியப்படுத்துதல் என்பது இவ்வளவுதான். சொல்ல இலகு.

ஈராக்கில் 1971ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததைப் பாருங்கள். வரட்சிக்குப் பின்னர் விவசாயிகளுக்கு விதைக்கக் கொடுப்பதற்காகப் பல்லாயிரம் தொன் கோதுமையும் வாற்கோதுமையும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தன. பூஞ்சணம் பிடிக்காதிருக்க அந்த விதைகளுக்கு மெதைல் இரசம் கலந்த மருந்து பூசப்பட்டிருந்தது. விதைக்கலாம், உண்ணக்கூடாது. இதை யாரும் மறைக்கவில்லை. மூடைகளில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது, மண்டையோட்டுக் குறியும் இருந்தது. தானியத்துக்குச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். ஆனால் எழுத்து ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கிராமத்து விவசாயிக்கு மண்டையோடு எதையும் உணர்த்தவில்லை. விதைகள் பல இடங்களுக்கு வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமும் கடந்திருந்தது. வீட்டில் பசி இருந்தது.

மக்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் சோதித்தும் பார்த்தார்கள். தானியத்தைக் கழுவினார்கள். சாயம் போயிற்று, நஞ்சும் போய்விட்டது என்று எண்ணினார்கள். சிலர் கோழிக்கும் ஆடுமாட்டுக்கும் முதலில் போட்டுப் பார்த்தார்கள். அவை உடனே சாகவில்லை. மெதைல் இரசம் வாரக்கணக்கில் உடம்பில் சேர்ந்த பின்னரே நரம்புகளைத் தாக்கும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு கை கால் விறைத்தது, நடை தடுமாறியது, பார்வை மங்கியது. வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர் என்பது உத்தியோகபூர்வக் கணக்கு. இதே நாட்டில் 1956இலும் 1960இலும் இதே விதமான நஞ்சூட்டல் நடந்திருந்தது என்பது இன்னும் கசப்பான விடயம்.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அந்தச் சிவப்புச் சாயம்தான். எச்சரித்தவர் சாயத்தை ஓர் அடையாளமாக நினைத்தார். எச்சரிக்கப்பட்டவர் சாயமே நஞ்சு என்று நினைத்தார். அடையாளத்தைக் கழுவிவிட்டால் ஆபத்தும் கழுவப்பட்டுவிடும் என்பது அவருடைய கணக்கு. இந்தக் கணக்கில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. இல்லாதது ஒரேயொரு வசனம்: “நஞ்சு மணிக்குள் இருக்கிறது, கழுவினால் போகாது.”

எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்குப் படம் போடலாமே என்று தோன்றும். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தில், பாங்கொக் நகருக்கு அருகிலுள்ள சமுத் பிராக்கான் என்ற இடத்தில், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்ட பழைய இயந்திரமொன்றின் பகுதி பழைய இரும்பு வாங்குவோரின் கைக்குப் போயிற்று. அதனுள்ளே கோபாற்று-60 என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் இருந்தது. வெளியே கதிர்வீச்சைக் குறிக்கும் மூவிதழ்க் குறியும் இருந்தது. அதை வெட்டிப் பிரித்தவர்களுக்கு அக்குறி எதையும் சொல்லவில்லை. கூட இருந்த எழுத்தும் அவர்களுடைய மொழி அன்று. பத்துப் பேருக்குக் கடுமையான கதிர்த்தாக்கம் ஏற்பட்டது. பழைய இரும்புக் கடையில் வேலை செய்த மூவர் இரண்டு மாதங்களுக்குள் இறந்தார்கள்.

நமக்கு அந்த மூவிதழ் பௌதிகவியல் புத்தகத்தில் படித்ததால் தெரிகிறது. படிக்காதவருக்கு அது ஒரு மின்விசிறி. இதை உணர்ந்த சர்வதேச அணுசக்தி முகவரகம் 2007இல் ஒரு புதிய குறியை வெளியிட்டது. சிவப்பு முக்கோணத்துக்குள் மேலே மூவிதழ், அதிலிருந்து இறங்கும் கதிர்கள், ஒரு மண்டையோடு, விலகி ஓடும் மனிதன். 11 நாடுகளில் பலதரப்பட்ட மக்களுக்குக் காட்டி, எது அவர்களை விலகச் செய்கிறது என்று பார்த்த பிறகே இதைத் தேர்ந்தார்கள். அறிஞர்கள் மேசையைச் சுற்றியிருந்து தீர்மானிக்காமல், தெருவில் போய்க் கேட்டார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைவிடப் பிடித்தது அந்தக் குறியை வைக்கும் இடம். வாசலிலோ சுவரிலோ அதை வைப்பதில்லை. கருவியின் உள்ளே, கதிர்மூலத்தின் மேல் வைக்கிறார்கள். வழமையாக அதை யாரும் காணமாட்டார்கள். பிரிக்கத் தொடங்குபவர் மட்டும், இன்னும் ஒரு படி போனால் ஆபத்து என்ற அந்தக் கணத்தில் காண்பார்.

நம் நாட்டு வேலைத்தளங்களில் பெரும்பாலான எச்சரிக்கைகள் இதற்கு நேர்மாறாக வாசலில்தான் இருக்கின்றன. கண்ணாடிச் சட்டமிட்டு, பெரிய எழுத்தில், விருந்தினர் பார்வைக்கு. தினமும் அதைக் கடந்து போகிறவருக்குப் பத்தாம் நாள் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும்.

இரசாயனங்களைப் பொறுத்தவரை உலகம் ஒரு பொது ஒழுங்குக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1983இல் பிறப்பிக்கப்பட்ட ஒரு விதி, தாம் கையாளும் இரசாயனம் எது, அதனால் என்ன தீங்கு என்று அறியும் உரிமையைத் தொழிலாளருக்குக் கொடுத்தது. சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 1990ஆம் ஆண்டின் 170ஆம் இலக்க சமவாயம், ஆபத்தான இரசாயனங்களின் சுட்டுத்துண்டு தொழிலாளர் எளிதில் விளங்கிக்கொள்ளும் விதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 2003இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட முறைமையின்படி, சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் ஒன்பது படக்குறிகள் எல்லா நாட்டுக்கும் பொது. கூடவே 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளும் உண்டு. 2012இல் அமெரிக்க விதியை இந்த முறைமையோடு இணைத்தபோது, முன்பு கொடுத்தது அறியும் உரிமை, இப்போது கொடுப்பது விளங்கும் உரிமை என்று அறிமுகப்படுத்தினார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன். இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே இன்றுவரை இத்துறையின் அடிப்படைச் சட்டம். தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் அதன்படி பரிசோதிக்கிறார்கள். சட்டம் பலகையைத் தொங்கவிடச் செய்யும். பலகையிலுள்ள சொல் ஒருவரின் மனத்தில் போய் இருப்பது வேறு வேலை.

மருதமுனையும் அதைச் சுற்றியுள்ள கிழக்குக் கரை ஊர்களும் கைத்தறிக்குப் பெயர் போனவை. எனது மாமி ஒரு சிறிய சாயப்பட்டறை நடத்துகிறார். நான்கைந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். நூலுக்கு வெயிலிலும் கழுவலிலும் மங்காத சாயம் ஏற்ற வேண்டுமானால் அதற்குரிய சாயம் தண்ணீரில் தானாகக் கரையாது. கோஸ்டிக் சோடாவும், ‘ஹைட்ரோஸ்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் வெள்ளைத் தூளும் சேர்த்தால்தான் கரையும். நூலை அதில் தோய்த்துக் காற்றில் விரித்தால் நிறம் மீண்டும் இறுகிப் பிடிக்கும். இரசாயனவியலில் நாம் படிக்கும் தாழ்த்தலும் ஒட்சியேற்றமும் அங்கே ஒரு வாளிக்குள் நடக்கின்றன.

கோஸ்டிக் சோடா என்பது சோடியம் ஐதரொட்சைட்டு. மூடையில் ஆங்கிலத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அதன்மேல் யாரோ தமிழில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘எச்சரிக்கை. அரிக்கும் பொருள்.’ புதிதாக வேலைக்கு வந்திருந்த, என் வயதுடைய ஒரு சகோதரியிடம் இதற்கு என்ன கருத்து என்று கேட்டேன். “கையில பட்டா அரிக்கும். மயிர்க்கொட்டி பட்டாப்போல. கழுவினா சரிதானே?” என்றார்.

அவர் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். அரிப்பு என்றால் நமக்கு முதலில் தோலில் எடுக்கும் சொறி. பிறகு கறையான் அரிப்பது, அரிசி அரிப்பது, கரையோரத்தில் வாழும் நமக்குக் கடலரிப்பு. இரசாயனவியல் புத்தகத்தில் வரும் ‘அரிக்கும் தன்மை’ இவற்றுக்கெல்லாம் பிந்தியது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துச் சரியான சொல்லைப் போட்டிருக்கிறார். வாசிப்பவரோ அகராதியை வைத்துக்கொண்டு வாளி தூக்குவதில்லை. தோலையும் சதையையும் கரைத்து உள்ளே இறங்கும் ஒரு பொருள், ஒரே சொல்லால் சொறியாகச் சுருங்கிவிட்டது. கோஸ்டிக் வேறொரு விதத்திலும் ஏமாற்றும். அமிலம் பட்டால் உடனே சுட்டெரிக்கும், கையை இழுத்துக்கொள்வோம். காரம் பட்டால் முதலில் சவர்க்காரம் போல வழுக்கும், அவ்வளவுதான். நோவு தெரியும்போது அது ஆழமாக இறங்கியிருக்கும்.

ஆங்கிலத்திலும் இத்தகைய பொறி உண்டு. ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் தீப்பற்றக்கூடியது. ஆனால் ‘இன்’ என்ற முன்னொட்டைப் பார்த்து, தீப்பற்றாதது என்று எடுத்துக்கொள்வார்கள் எனப் பயந்து, அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நிபுணர்கள் ‘ஃபிளேமபிள்’ என்ற சொல்லையே எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். இலக்கணப்படி பழைய சொல் சரியானதே. அது சரியாக இருந்தது போதாது என்று அவர்கள் கண்டார்கள். தமிழில் யாராவது ‘அரிக்கும்’ என்ற சொல்லுக்கு இதைச் செய்ய வேண்டும்.

சுட்டுத்துண்டில் தலைப்பாக வரும் சொற்களும் அப்படித்தான். சர்வதேச முறைமையில் கடுமையான ஆபத்துக்கு ஒரு சொல், குறைந்ததற்கு இன்னொரு சொல் என இரண்டே படிகள். தமிழில் அவற்றை அபாயம், எச்சரிக்கை என்று எழுதினால் எது பெரியது? வகுப்பில் தோழிகளிடம் கேட்டேன். கருத்து இரண்டாகப் பிரிந்தது. எச்சரிக்கைதான் பெரியது, பொலிசார் சொல்வது அல்லவா என்றாள் ஒருத்தி. படங்களிலும் இதே கதைதான். ஒரு கைமீதும் ஓர் உலோகத் துண்டின்மீதும் இரண்டு சோதனைக் குழாய்களிலிருந்து திரவம் சொட்டும் படம் கோஸ்டிக்குக்குரியது. அதை மாமி உடனே விளங்கிக்கொண்டார். நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம் வெடித்த மனித உருவம், நாட்பட்டு உடலுறுப்புகளைக் கெடுக்கும் பொருளைக் குறிப்பது. அதைப் பார்த்த என் தம்பி, “மெடல் வாங்கினவர்” என்றான்.

மாமியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய வடு ஒன்று உண்டு. இளம் வயதில் வேறோர் இடத்தில் தொழில் பழகும்போது, வாளியில் கிடந்த கோஸ்டிக் துண்டுகளின்மேல் அவர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். துண்டுகள் இருக்குமிடத்தில் சிறிது தண்ணீர் விழுந்தால் அது அங்கேயே கொதித்துத் தெறிக்கும். தண்ணீரை முதலில் எடுத்து, அதில் கோஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட்டால் வெப்பம் பரவிவிடும். அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும் என்று நமக்கு ஆய்வுகூடத்தில் முதல் நாளே சொல்லித் தருவதற்கும் இதே காரணம். அவரை யாரும் எச்சரிக்கவில்லையா என்று கேட்டேன்.

“சொன்னாங்க மகள். கவனமாச் செய், கவனமாச் செய் எண்டு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. என்னத்துக்குக் கவனம், எப்படிக் கவனம் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல.”

இந்த வசனத்தை ஒவ்வொரு பயிற்சி அறையிலும் எழுதி வைக்கலாம். ‘கவனம்’ என்பது எச்சரித்தவருக்கு ஆறுதல் தரும் சொல். அதைக் கேட்பவருக்கு அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. ஓர் எச்சரிக்கையில் மூன்று செய்திகள் இருந்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: இது உன்னை என்ன செய்யும், ஏன் செய்யும், நீ என்ன செய்ய வேண்டும். இவற்றுள் ‘ஏன்’ என்பதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள், நேரம் போதாது என்று. ஆனால் காரணம் தெரிந்தவர்தான், பலகையில் எழுதாத புதிய நிலைமை ஒன்று வரும்போதும் சரியாக நடப்பார். ஹைட்ரோஸ் தூளில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பற்றலாம். இதை அறிந்தவர் ஈரக் கரண்டியால் அள்ளமாட்டார். அதோடு நில்லாமல், மழைக்காலத்தில் கூரை ஒழுகும் மூலையிலிருந்து பரலை நகர்த்தியும் வைப்பார். ‘ஈரக் கரண்டி கூடாது’ என்று மட்டும் கேட்டவர் கூரையைப் பார்க்கமாட்டார்.

செய்யச் சொல்வது செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சுழலும் பட்டியும் மோட்டரும் உள்ள இடங்களில் ‘தொங்கும் ஆடை அணியாதீர்’ என்று எழுதியிருப்பார்கள். நம் பெண்கள் அதை வாசித்துவிட்டு, இது எங்களுக்கல்ல என்று கடந்து போவார்கள், ஏனெனில் ஸ்கார்ஃபைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் வேலை செய்யப் போவதில்லை. ஆனால் பட்டியில் துணி சிக்கினால் கழுத்தோடு இழுக்கும். “முந்தானையின் இரண்டு முனையையும் மேலங்கிக்குள் செருகு, ஊசி குத்து, பிறகு மோட்டரைப் போடு” என்று ஒரு மூத்த சகோதரி செய்து காட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம் அது.

இதுவரை சொன்னவை நல்லெண்ணத்தோடு எச்சரித்தும் செய்தி போய்ச் சேராத கதைகள். வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட கதையும் இருக்கிறது, அது நம் வயதுப் பெண்களின் கதை. அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் ஒரேஞ்ச் என்ற ஊரில், 1917 முதல், இருட்டில் ஒளிரும் கடிகார முகங்களுக்கு ரேடியம் கலந்த வர்ணம் தீட்டும் வேலைக்கு இளம் பெண்களைச் சேர்த்தார்கள். எண்களை மெல்லிய கோட்டில் எழுதத் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கினார்கள். வர்ணம் தீங்கற்றது என்று சொன்னார்கள். சிலர் விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டார்கள். அதே கம்பனியின் இரசாயனவியலாளர்களோ ரேடியத்தை ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று இடுக்கியால் எடுத்தார்கள். பெண்களின் தாடை எலும்பு உக்கத் தொடங்கியது. 1924இல் கம்பனி தானே அழைத்த ஹார்வர்ட் பல்கலைக்கழக நிபுணர், வேலைத்தளமே காரணம் என்று கண்டறிந்தபோது, அந்த அறிக்கையை மறைத்து, எல்லாப் பெண்களும் நலம் என்று அரச திணைக்களத்துக்குத் தெரிவித்தார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் இன்னும் நால்வரும் வழக்குத் தொடர்ந்து, 1928இல் இணக்கத்துக்கு வந்தபோது அவர்களிற் சிலரால் எழுந்து நிற்கவும் முடியவில்லை.

அந்த ஆய்வுகூடத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால், ஈயத் தடுப்பும் இடுக்கியும் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். ஆகவே எச்சரிக்கையின் முதல் மொழி, தெரிந்தவரின் நடத்தை. முதலாளி கண்ணாடி அணியாமல் வந்து நின்றுகொண்டு, ‘கண்ணாடி அணிக’ என்ற பலகையைக் காட்டினால், தொழிலாளர் பலகையையா முதலாளியையா நம்புவார்கள்?

கேட்பவரின் பக்கத்திலும் ஒரு தடை உண்டு, அது நமக்கு மிகவும் பழக்கமானது. “விளங்கினதா?” என்று பெரியவர் கேட்டால் “ஓம்” என்பது நம் மரியாதை. விளங்கவில்லை என்று சொன்னால் அவர் சரியாகச் சொல்லவில்லை என்று குறை கூறியதாகிவிடும், அல்லது நம்மை மந்தமானவள் என்று நினைப்பார். வேலைக்குப் புதியவர், நாட்கூலிக்காரர், நிர்வாகத்தின் மொழி தெரியாதவர் ஆகியோர் இன்னும் விரைவாக “ஓம்” சொல்வார்கள். பயிற்சி முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் வழக்கமும் இருக்கிறது. அந்தக் கையெழுத்து பேனை ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதனால் ‘விளங்கினதா’ என்ற கேள்வியையே விட்டுவிட வேண்டும். “இந்த வாளி இப்போது கவிழ்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும். தவறாகச் செய்து காட்டினால், நாம் சொன்ன விதத்தைத்தான் திருத்த வேண்டும். கூடவே, ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் வேலையை நிறுத்தி விலகலாம், அதற்காக ஏச்சு விழாது என்ற உறுதியும் தேவை. நான் மேலே குறிப்பிட்ட 1990ஆம் ஆண்டுச் சமவாயமும், உடனடியான கடுமையான ஆபத்திலிருந்து விலகும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்கிறது.

மாமியின் பட்டறையில் அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறொன்று எழுதுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். ‘அரிக்கும்’ வேண்டாம் என்பதில் ஒருமித்தோம். ‘சுடும்’ என்று நான் சொன்னேன். “சுடுதண்ணி எண்டு நினைப்பாங்க” என்று மறுத்தார். சிறிது யோசித்துவிட்டு, “அது தின்னும் மகள். தோலைத் தின்னும், கண்ணைத் தின்னும்” என்றார். அதையே எழுதினோம்:

‘கோஸ்டிக். இது தோலையும் கண்ணையும் தின்னும். வழுக்கினால் தின்னத் தொடங்கிவிட்டது. முதலில் தண்ணீர், பிறகு கோஸ்டிக். கையுறையும் கண்ணாடியும் போடாமல் மூடையைத் திறக்காதே. கண்ணில் பட்டால் உடனே பைப்புக்கு ஓடு, கண்ணைத் திறந்துவைத்துப் பதினைந்து நிமிடமாவது கழுவு, பிறகு ஆஸ்பத்திரி. தேசிப்புளி விடாதே.’

கடைசி வரி மாமியின் வற்புறுத்தலால் சேர்ந்தது. காரத்துக்கு அமிலம் மருந்து என்று யாரோ சொல்லக் கேட்டு, காயத்தில் தேசிக்காய் பிழிந்தவர்களை அவர் கண்டிருக்கிறார். நானாக எழுதியிருந்தால் அந்த வரி வந்திராது. தாளை வாசலில் ஒட்டவில்லை. மூடை வைக்கும் பலகைக்கு மேல், கை நீட்டும் உயரத்தில் ஒட்டினோம்.

புதிய சகோதரி அதை வாசித்தார். பைப்பு எங்கே இருக்கிறது என்று மாமி கேட்டார். அவர் கையால் காட்டினார். “கண்ணுல பட்டா உனக்குக் கண் தெரியுமா?” என்று சொல்லி, மாமி அவருடைய கண்களைக் கட்டி, மூடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதல் தடவை அவர் நூல் கொடியில் போய் முட்டினார். கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டினோம். இரண்டாம் தடவை சுவரைத் தடவிக்கொண்டு எட்டு அடி வைத்துப் பைப்பைப் பிடித்துத் திறந்தார்.